ஈக்யூஇ ஆன்லைன் தேர்வு: கம்ப்யூட்டரை முன்கூட்டியே தயார் செய்வது எப்படி?

மியூனிக்கில் பேட்டன்ட் அட்டர்னி (கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை வாங்கித் தருபவர்) பயிற்சியில் இருக்கும் தம்பி ஒருவர் போன வாரம் போன் செய்தார். "அண்ணா, மாதிரித் தேர்வுல பிரவுசரே திறக்க மாட்டேங்குது. என்ன பண்றது?" எனக்கும் அப்படித்தான் நடந்தது. அவருக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

ஐரோப்பிய பேட்டன்ட் அட்டர்னி ஆவதற்கான தகுதித் தேர்வுதான் ஈக்யூஇ. இதை ஐரோப்பிய பேட்டன்ட் அலுவலகமும் அட்டர்னிகளின் சங்கமான எபியும் சேர்ந்து நடத்துகின்றன. 2020 தேர்வு கொரோனாவால் ரத்தானது. 2021 மார்ச்சிலிருந்து எல்லாம் ஆன்லைன்தான். வினாத்தாள் முறையும் மாறிவருகிறது: 2025-ல் எஃப், 2026-ல் எம்1, எம்2, 2027-ல் எம்3, எம்4 என்று புதிய தாள்கள் படிப்படியாக வருகின்றன. உங்கள் சீனியர் எழுதிய பழைய ஏ, பி, சி, டி தாள்களின் அட்டவணையை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

தேதியும் நேரமும்

தேர்வு மார்ச்சில்தான். ஆனால் மைஈக்யூஇ தளத்தில் பதிவு செய்வதை முந்தைய வருடமே முடித்துவிட வேண்டும். கெடு தேதியை அந்த வருட அறிவிப்பில் பார்த்துக் காலண்டரில் ஏற்றிவிடுங்கள். அறிவிப்பில் உள்ள நேரமெல்லாம் மத்திய ஐரோப்பிய நேரம். லண்டனிலிருந்து எழுதினால் ஒன்பது மணித் தேர்வு உங்களுக்கு எட்டு மணிக்கே தொடங்கிவிடும்.

லேப்டாப்: நான் மாட்டிக்கொண்ட இடம்

தேர்வு நடப்பது வைஸ்ஃப்ளோ தளத்தில், லாக்டவுன் பிரவுசருக்குள். இந்த பிரவுசர் திறந்ததும் மற்ற புரோகிராம்களையெல்லாம் மூடச் சொல்லும். மாதிரித் தேர்வை ஆபீஸ் லேப்டாப்பில் எழுத உட்கார்ந்தேன். பின்னணியில் ஓடிய ஒரு ரிமோட் சப்போர்ட் புரோகிராமை மூடச் சொல்லிப் பெட்டி வந்தது. மூடினேன். இரண்டு நொடியில் அது தானாகவே மறுபடி முளைத்தது, பெட்டியும் திரும்ப வந்தது. இப்படியே நாற்பது நிமிடம் போனது. எங்கள் நிறுவனத்தின் ஐடி பிரிவு அந்த புரோகிராமை யாரும் நிறுத்த முடியாதபடி அமைத்திருந்தது. அட்மின் உரிமை என்னிடம் இல்லை.

அதனால் நான் அழுத்திச் சொல்வது: அட்மின் உரிமையோடு உங்கள் சொந்த லேப்டாப் ஒன்று வேண்டும். விண்டோஸ் அல்லது மேக் இருக்கட்டும். லினக்ஸில் ஓடாது, விர்ச்சுவல் மெஷினும் (கம்ப்யூட்டருக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர்) உதவாது. லாக்டவுன் பிரவுசரை கூகுளில் தேடி இறக்காதீர்கள். தேர்வு நடத்தும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனிப் பதிப்பு உண்டு என்பதால் வைஸ்ஃப்ளோ தரும் லிங்கிலிருந்துதான் இறக்க வேண்டும். தேர்வு வாரத்தில் விண்டோஸ் அப்டேட்டைத் தள்ளிப்போடுங்கள், ஸ்லீப் மோடையும் அணைத்துவிடுங்கள்.

கீபோர்டையும் கவனியுங்கள். ஜெர்மன் கீபோர்டில் ஒய்யும் இஸட்டும் இடம் மாறியிருக்கும். பிரவுசர் திறந்தபின் டாஸ்க்பார் மறைந்துவிடுவதால் மொழியை மாற்ற இடமில்லை. ஆங்கிலத்தில் விடை எழுதுவதானால் வேண்டிய லேஅவுட்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை முதலிலேயே நீக்கிவிடுங்கள். ஒரு முழு கிளெய்மை (கண்டுபிடிப்பில் எதற்கு உரிமை கோருகிறோம் என்று சொல்லும் வாக்கியம்) டைப் செய்து பார்த்தால் தெரிந்துவிடும்.

மேசை

ஒரு திரை, ஒரு கேமரா, அடையாள அட்டை. கண்காணிப்பாளர் கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார். போன் பக்கத்தில் இருக்கவே கூடாது. காகிதத்தில் உள்ள புத்தகமும் குறிப்பும் வைத்துக்கொள்ளலாம். தடிமனான விளக்க நூல்களை நான் அடுக்கவில்லை. ஐரோப்பிய பேட்டன்ட் ஒப்பந்தத்தின் அச்சுப் பிரதியில் விதிவாரியாகக் கலர் ஸ்டிக்கர் ஒட்டி, ஓரத்தில் என் கையெழுத்தில் குறிப்பு எழுதியிருந்தேன். கெடு தேதியைக் கணக்கிடச் சொல்லும் கேள்விகளில் அந்த ஒரு பிரதியே போதுமானதாக இருந்தது.

வினாத்தாளில் பிரிண்ட் எடுக்க அனுமதித்த பகுதியை மட்டுமே பிரிண்ட் எடுக்கலாம், மீதியைத் திரையில்தான் படிக்க வேண்டும். எனவே பழைய வினாத்தாள்களைத் திரையில் படித்தே பழகுங்கள். கையில் பேனாவோடு படித்துப் பழகிய எனக்கு இது கைவர இரண்டு மாதம் ஆனது. பிரிண்டரை இன்னொரு அறையில் வைக்காதீர்கள். சாதாரண லேசர் பிரிண்டரே என் விருப்பம். இங்க்ஜெட் வேகம் பத்தாது.

தேர்வு அன்று

பகுதிகளாகப் பிரித்த தாளில் ஒரு பகுதியை முடித்துவிட்டால் அதற்குத் திரும்பப் போக முடியாது. மீதியிருக்கும் நேரத்தைப் பார்த்து, விட்டுப்போன வாதத்தை அங்கேயே எழுதி முடியுங்கள்.

ஏதாவது கோளாறு நடந்தால் கண்காணிப்பாளரிடம் உடனே சொல்லுங்கள். எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் போனது என்று குறித்து வையுங்கள். தேர்வு நடத்தப்பட்ட விதம் பற்றிய புகாரை அந்தத் தாள் எழுதிய அன்றே கொடுத்துவிட வேண்டும். களைப்பில் தூங்கிவிட்டு மறுநாள் எழுதினால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இதை நிறையப் பேர் படிக்காமல் விடுகிறார்கள்.

பின்சேர்க்கை: பெரிய மானிட்டர் வைத்துக்கொள்ளலாமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். வைத்துக்கொள்ளலாம், ஆனால் லேப்டாப் திரையை மூடிவிட வேண்டும். மூடினால் அதிலுள்ள கேமராவும் போய்விடும். தனி வெப்கேம் ஒன்று வாங்கி மாதிரித் தேர்விலேயே மாட்டிப் பாருங்கள்.