ஒரே கடவுச்சொல்லிலிருந்து நான் மீண்ட கதை

பல வருடங்களாக எல்லாக் கணக்குகளுக்கும் ஒரே கடவுச்சொல்தான். கடைசி எண்ணை மட்டும் மாற்றிக்கொள்வேன். ஒருநாள் விடியற்காலையில், நான் கேட்காமலே ஒரு சமூக வலைத்தளத்திலிருந்து ஆறு இலக்கக் குறியீடு கைபேசிக்கு வந்தது. யாரோ என் கடவுச்சொல்லைச் சரியாகவே போட்டிருக்கிறார்கள்! நம் விவரங்கள் எங்காவது கசிந்திருக்கின்றனவா என்று காட்டும் 'ஹேவ் ஐ பீன் பான்ட்' (Have I Been Pwned) தளத்தில் என் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்துப் பார்த்தேன். நான் மறந்தே போயிருந்த ஒரு பழைய தளத்தின் கசிவில் அது இருந்தது.

முதலில் மின்னஞ்சலைக் கவனித்தேன். மற்றக் கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றும் இணைப்பெல்லாம் அங்கேதானே வரும்? உள்நுழைந்த கருவிகளின் பட்டியலில் எனக்குத் தெரியாத ஒன்று இருந்தது. பார்த்ததும் கை நடுங்கிவிட்டது. அதை வெளியேற்றி, கடவுச்சொல்லை மாற்றி, கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் போட்டேன்.

அப்புறம் எல்லாக் கடவுச்சொற்களையும் பூட்டிப் பாதுகாக்கும் பிட்வார்டன் செயலிக்கு மாறினேன். அதன் முதன்மைக் கடவுச்சொல்லை மட்டும் நாமே நினைவில் வைக்க வேண்டும். அதை உருவாக்க டைஸ்வேர் என்ற முறை. பகடையை ஐந்து முறை உருட்டினால் ஓர் ஐந்திலக்க எண் கிடைக்கும். 7,776 சொற்கள் கொண்ட பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே உள்ள சொல்லை எடுக்க வேண்டும். இப்படி ஆறு சொற்கள். பிடித்த சொல்லாகப் பார்த்து நாமே பொறுக்கக் கூடாது, அது ரொம்ப முக்கியம். இரண்டே நாளில் மனப்பாடமாகிவிட்டது.

மற்றக் கணக்குகளை ஒரே மூச்சில் மாற்றவில்லை. வங்கியை அன்றே முடித்தேன். மீதியை உள்ளே நுழையும்போதெல்லாம் ஒவ்வொன்றாக மாற்றினேன். கைபேசி தொலைந்தாலும் கணக்குக்குள் நுழைய உதவும் மீட்புக் குறியீடுகள் காகிதத்தில் எழுதி அலமாரியில் இருக்கின்றன.