பிறர் குதிரையை உங்கள் வீட்டில் பராமரிக்கப் போகிறீர்களா? காப்புறுதியை இப்படி ஒழுங்குபடுத்துங்கள்

ஈப்போவில் குதிரை வைத்திருப்பவருக்கு அதைக் கட்ட இடம் இருக்காது. சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்டத்து ஓரமாக வீடு வைத்திருப்பவருக்கு இடம் இருக்கும், குதிரை இருக்காது. "மாதம் ஒரு தொகை தருகிறேன் அண்ணே, என் குதிரையைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பேச்சு தொடங்குவது இப்படித்தான். பழைய மாட்டுக் கொட்டகையின் கூரையை உயர்த்தி, தரையில் மரத்தூள் பரப்பினால் வேலை முடிந்தது என்று தோன்றும். காப்புறுதியைப் பற்றி யாருக்கும் அப்போது நினைவு வருவதில்லை. காசு வாங்கிக்கொண்டு ஒருவருடைய குதிரையைக் கட்டிய நாளிலிருந்து, உங்கள் வீட்டுப் பாலிசியின் கணக்கில் அது தொழில். மற்ற எல்லாம் இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் கிளம்புகின்றன.

படி 1: கையில் இருக்கும் பாலிசியை எடுத்துப் படியுங்கள்

மலேசியாவில் வீட்டுக்குப் பொதுவாக இரண்டு பாலிசிகள். ஹவுஸ்ஓனர் என்பது கட்டடத்துக்கு, ஹவுஸ்ஹோல்டர் என்பது உள்ளே இருக்கும் பொருள்களுக்கு. வங்கிக் கடனோடு சேர்ந்து வந்தது பெரும்பாலும் முதல் வகைதான். கட்டடம் என்று எதைச் சொல்லியிருக்கிறார்கள், தனியாக நிற்கும் கொட்டகை அதில் அடங்குமா, பலகைச் சுவரும் தகரக் கூரையும் ஏற்கப்படுமா என்று பாருங்கள். வைக்கோலும் மரத்தூளும் குவிந்திருக்கும் இடத்தைக் காப்புறுதி நிறுவனம் வீட்டுச் சமையலறையைப் பார்ப்பது போலப் பார்க்காது. நிலச்சரிவு பொதுவாகத் தனியாகச் சேர்க்க வேண்டிய ஒன்று. மேட்டு நிலத்தில் கொட்டகை போடுபவர்கள் அதையும் கேட்டு வையுங்கள்.

அப்புறம் காப்புறுதித் தொகை. கொட்டகையை மறுபடி கட்ட 60,000 வெள்ளி (ரிங்கிட்) ஆகும், நீங்கள் 30,000 வெள்ளிக்குத்தான் எடுத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். தீயில் 20,000 வெள்ளி சேதம். முழுத் தொகையும் வரும் என்றுதான் நினைப்போம். ஆனால் பாலிசியில் 'ஆவரேஜ்' விதி இருந்தால், பாதிக்குத்தான் எடுத்தீர்கள் என்பதால் 10,000 வெள்ளிதான் வரும். மிச்சம் உங்கள் பணம்.

படி 2: சொல்ல வேண்டியதை எழுத்தில் சொல்லுங்கள்

2013-ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணை, சொந்தத் தேவைக்கு எடுக்கும் காப்புறுதியையும் தொழிலுக்கு எடுப்பதையும் வேறுபடுத்துகிறது. சொந்தத் தேவை என்றால் நிறுவனம் கேட்கும் கேள்விகளுக்குக் கவனமாகவும் உண்மையாகவும் பதில் சொன்னால் போதும். தொழில் என்றால் கேள்வி வராவிட்டாலும், அவர்களுடைய முடிவைப் பாதிக்கும் என்று உங்களுக்குத் தெரிந்ததை நீங்களாகவே சொல்ல வேண்டும். எத்தனை குதிரைகள், யாருடையவை, கட்டணம் உண்டா, வெளியாள் யாராவது சவாரி செய்வார்களா, வேலி என்ன வேலி, சாலை எவ்வளவு தூரம். "முகவரிடம் வாய்விட்டுச் சொன்னேனே" என்பது பின்னால் சண்டைக்குத்தான் உதவும். மின்னஞ்சல் அனுப்பி, பதிலைச் சேமித்து வையுங்கள்.

இதே வேகத்தில் நிலப் பட்டாவையும் பாருங்கள். வகை பெர்தானியானா (விவசாயம்), பாங்குனானா (கட்டடம்) என்று அதில் இருக்கும். குதிரை வைக்கலாமா என்று உள்ளூர் மன்றத்திலும் மாநிலக் கால்நடைச் சேவைத் துறையிலும் கேட்டுவிடுங்கள். நிலம் தோட்ட நிறுவனத்துடையது என்றால் அவர்களுடைய எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் மேற்கொண்டு எதுவும் செய்ய வேண்டாம்.

படி 3: பெரிய ஓட்டையை அடைத்துவிடுங்கள்

ஒரு தீபாவளி இரவு. பக்கத்து லயத்தில் சரவெடி. குதிரை மிரண்டு, கதவுத் தாழ்ப்பாளை உதைத்துக்கொண்டு வெளியே வந்து, சாலைக்கு ஓடுகிறது. மோட்டார் சைக்கிளில் வந்தவர் மோதி விழுகிறார், கால் உடைகிறது. குதிரைக்கும் முன்னங்கால் முறிகிறது.

இங்கே இரண்டு இழப்புகள். மோட்டார் சைக்கிளில் வந்தவர் உங்கள் கவனக்குறைவைக் காட்டி நட்டஈடு கேட்டால், அதற்கு இருப்பது பொதுப் பொறுப்புக் காப்புறுதி, அதாவது எல்லோரும் சொல்லும் 'பப்ளிக் லையபிலிட்டி'. ஹவுஸ்ஹோல்டர் பாலிசியில் இந்த மாதிரி ஒரு சின்னப் பகுதி இருக்கலாம். ஆனால் தொழில் சம்பந்தப்பட்டதை அது பொதுவாக விலக்கிவிடும். ஆகவே குதிரைப் பராமரிப்பைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட தனிப் பாலிசி வேண்டும்.

சரி, அந்தப் பாலிசி குதிரையின் காலுக்குப் பணம் தருமா? அநேகமாகத் தராது. பொதுப் பொறுப்புப் பாலிசியின் விலக்குகள் பக்கத்தில் 'கேர், கஸ்டடி ஆர் கன்ட்ரோல்' என்ற தொடரைத் தேடுங்கள். உங்கள் பராமரிப்பில், உங்கள் வசத்தில் இருக்கும் பிறர் சொத்துக்கு நேரும் சேதம் இதில் சேராது என்பதுதான் அந்த வரி. நீங்கள் காசு வாங்குவதே எந்தக் குதிரைக்காகவோ, அந்தக் குதிரைதான் வெளியே நிற்கிறது. பாலிசி இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது.

சட்டமோ உங்களை விடாது. 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 104-ஆவது பிரிவு, பிறர் பொருளை ஒப்படைக்கப் பெற்றவர் அதைத் தன் சொந்தப் பொருளைப் போலவே, விவேகமுள்ள ஒருவர் எடுத்துக்கொள்ளும் அளவுக்குக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்கிறது. துருப்பிடித்த தாழ்ப்பாளை வைத்து இதை நிரூபிக்க முடியாது. எனவே இந்த விலக்கைத் திரும்பச் சேர்க்கும் நீட்டிப்பு கிடைக்குமா, ஒரு குதிரைக்கு உச்ச வரம்பு எவ்வளவு, முதலில் நீங்கள் ஏற்க வேண்டிய தொகை எவ்வளவு என்று கேளுங்கள். கிடைக்காவிட்டால் அடுத்த படிதான் உங்களுக்கு முக்கியம்.

படி 4: குதிரைக்காரருடைய காப்புறுதியும் உங்கள் ஒப்பந்தமும்

குதிரையின் உயிருக்கான காப்புறுதியை எடுக்க வேண்டியவர் அதன் உரிமையாளர். அவரிடம் இருக்கிறதா என்று கேட்டு, நகல் வாங்கிக்கொள்ளுங்கள். பணம் அவருக்குப் போகும், ஆனால் நிபந்தனைகளைக் காப்பாற்றுவது கொட்டகையில் நிற்கும் நீங்கள்.

குதிரை தீனியைத் தொடாமல் தரையைக் குளம்பால் கீறுகிறது, திரும்பித் திரும்பித் தன் விலாவைப் பார்க்கிறது, படுத்துப் புரளப் பார்க்கிறது என்றால் அது வயிற்றுவலி. காலிக் என்பார்கள். சில மணி நேரத்தில் உயிர் போகலாம். இந்தப் பாலிசிகளில் நோயோ காயமோ தெரிந்தவுடனே அறிவிக்க வேண்டும், கருணைக்கொலைக்கு முன் நிறுவனத்தின் சம்மதம் வேண்டும், இறந்தால் பிரேதப் பரிசோதனை வேண்டும் என்றெல்லாம் இருக்கும். வேதனை தாங்க முடியாத அவசரத்துக்குக் கால்நடை மருத்துவர் தரும் சான்று விதிவிலக்கு. நடுராத்திரியில் உரிமையாளர் போன் எடுக்கவில்லை என்றால்? மருத்துவரை அழைக்கும் அதிகாரமும், செலவு எவ்வளவு வரை போகலாம் என்பதும், காப்புறுதி நிறுவனத்தின் எண்ணும் உங்கள் கையில் எழுத்தில் இருக்க வேண்டும். தீவன மூட்டைக்கு மேலே ஒரு அட்டையில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் குதிரையின் மதிப்பு, யார் எதற்குக் காப்புறுதி எடுப்பது, சவாரி யார் செய்யலாம் என்பவை வரட்டும். "எது நடந்தாலும் நான் பொறுப்பல்ல, வழக்கும் போடக் கூடாது" என்று எழுதி நிம்மதி அடையாதீர்கள். நீதிமன்றம் போகும் உரிமையை முழுவதுமாகப் பறிக்கும் விதி அதே ஒப்பந்தச் சட்டத்தின் 29-ஆவது பிரிவின்படி செல்லாது. இன்னொன்று, மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரையைக் கேட்டு வருவார்கள். உறுமி மேளத்துக்கு நடுவே பிறர் குதிரை! உரிமையாளர் சம்மதித்தாலும் பாலிசியில் அந்தப் பயன்பாடு இல்லையென்றால் மறுத்துவிடுவதுதான் நல்லது.

படி 5: வேலையாள், லோரி

கொட்டகை கூட்ட ஆள் வைத்தால், தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவில் பதியுங்கள். அந்நியத் தொழிலாளர்களுக்கும் 2019 ஜனவரி 1 முதல் வேலைக் காயத் திட்டம் உண்டு. நீங்களே கூட்டுபவர் என்றால் சுயதொழில் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் சேரலாம். உதைபட்ட விலா எலும்புக்குப் பொதுப் பொறுப்புப் பாலிசி வராது. லோரியில் குதிரையை ஏற்றினால், லோரியின் மோட்டார் காப்புறுதி ஏற்றிய குதிரையைச் சேர்க்காது. அதற்குத் தனிப் பயணக் காப்புறுதி.

படி 6: பாலிசி வாங்கும்போதும் இழப்பீடு கேட்கும்போதும்

முகவர் நிறுவனத்தின் ஆள், தரகர் உங்களுக்காகப் பேசுபவர். குதிரை போன்ற வழக்கத்துக்கு மாறான விஷயத்துக்கு நான் தரகரைத்தான் சொல்வேன். பிராணிகள் நலச் சட்டத்தின் கீழ் வரும் அபராதத்தை எந்தப் பாலிசியும் கட்டாது, அதை அவரிடம் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். அந்தச் சட்டத்தில் கொடுமைக்கு 20,000 முதல் 100,000 வெள்ளி வரை.

சம்பவம் நடந்தால் முதலில் படம் எடுங்கள். தாழ்ப்பாள், வேலி, குளம்புத் தடம். சாலை விபத்து என்றால் போலீஸ் புகார். யாரிடமும் "தப்பு என்னுடையதுதான்" என்று ஒப்புக்கொள்ள வேண்டாம், நிறுவனத்துக்கு அன்றே அறிவித்துவிடுங்கள். கோரிக்கை மறுக்கப்பட்டால் முதலில் அந்த நிறுவனத்தின் புகார்ப் பிரிவு. அங்கும் சரிவராவிட்டால் நிதிச் சந்தைக் குறைதீர்ப்புச் சேவை, எஃப்எம்ஓஎஸ், இருக்கிறது. 2025 தொடக்கத்திலிருந்து இயங்குகிறது, சிறு தொழில் செய்பவர்களின் புகாரையும் எடுத்துக்கொள்கிறது. நிறுவனத்தின் இறுதிப் பதிலுக்குப் பின் ஆறு மாதத்துக்குள் போக வேண்டும் என்பதால், அந்தக் கடிதத்தைப் பாலிசியோடு சேர்த்தே வையுங்கள்.