பழைய மர சாமான் வாங்கி புதுசாக்கப் போறீங்களா? உப்புத்தாளை கடைசியா எடுங்க

செகண்ட்ஹேண்ட்ல ஒரு பழைய டிராயர் பெட்டியோ நாற்காலியோ பித்தளை விளக்கோ வாங்கி வீட்டுல வைக்கணும்னு ஆசை, ஆனா எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியலன்னா இது உங்களுக்குத்தான்.

நான் முதல்ல வாங்கினது ஒரு சின்ன டிராயர் பெட்டி. வீட்டுக்கு வந்த அன்னைக்கே உப்புத்தாள் எடுத்து தேய்க்க ஆரம்பிச்சுட்டேன், கொஞ்ச நேரத்துல மேல்பலகை ஓரத்துல அழகான ரேகை மறைஞ்சு கீழ வெளிறின வேற மரம் எட்டிப் பாக்குது. மேல ஒட்டியிருந்தது வெனியர், ஒரு மில்லிமீட்டர் கூட தடிமன் இல்லாத நல்ல மரத்தோட தோல் அது, போனா போனதுதான். அந்தப் பெட்டிக்கு உண்மையில தேவைப்பட்டது ஒரு ஈரத்துணி மட்டும்தான்னு மத்த பக்கங்களை துடைச்சப்போ தான் தெரிஞ்சது, இன்னைக்கும் அந்த ஓரத்தைப் பாத்தா மனசு வலிக்குது.

படி 1: வாங்குறதுக்கு முன்னாடி

டார்ச், சின்ன காந்தம், அளவெடுக்குற டேப், இந்த மூணும் கையில இருக்கட்டும். உங்க வீட்டு வாசல் அகலத்தையும் முன்னாடியே அளந்து குறிச்சுக்கோங்க.

சாமானோட முகத்தைப் பாக்காதீங்க, முதுகையும் அடியையும் பாருங்க. டிராயரை முழுசா வெளிய இழுத்து மூலையில ரெண்டு பலகை சேருற இடத்தைப் பாருங்க. விரலும் விரலும் கோத்த மாதிரி, புறா வால் மாதிரி விரிஞ்ச பல்லு பல்லா இருந்தா நல்ல வேலைப்பாடு. அந்தப் பல்லுங்க ஒண்ணுக்கொண்ணு லேசா அளவு மாறி இருந்தா கையால வெட்டினதா இருக்க வாய்ப்பு அதிகம், அச்சுல வார்த்த மாதிரி ஒரே அளவுன்னா மெஷின் வேலை. வெறும் ஸ்டேப்பிள் பின் அடிச்சிருந்தா நான் வைச்சுட்டு வந்துடுவேன்.

முழு மரமா வெனியரான்னு தெரிய, மேல ஓடுற ரேகை பலகையோட விளிம்புல திரும்பி தொடருதான்னு பாருங்க. தொடராம, ஓரத்துல மெல்லிசா ஒரு கோடு தெரிஞ்சா வெனியர். அது மட்டம்னு அர்த்தம் இல்ல, பழைய வெனியர் ரொம்ப அழகா இருக்கும், ஆனா தேய்க்கக் கூடாது. மரத்தூளை அழுத்தி செஞ்ச போர்டு தண்ணி பட்டு உப்பியிருந்தா மட்டும் விட்டுருங்க, அதை சரி பண்ண முடியாது.

அடுத்தது உளு, அதாவது மரத்தைக் குடையுற வண்டு. குண்டூசி தலை அளவு ஓட்டைங்க தெரிஞ்சா பயப்படாதீங்க, ஓட்டைக்குள்ள அழுக்கேறி கறுத்திருந்தா வண்டு எப்பவோ வெளிய போயிருக்கலாம். உள்ள வெளுப்பா புது மரம் மாதிரி தெரிஞ்சு, தட்டினா மாவு மாதிரி தூள் கொட்டினா உள்ள இன்னும் ஆள் இருக்கு. சந்தேகமா இருந்தா மத்த சாமானோட சேக்காம தனியா வைச்சு, அடியில கறுப்பு பேப்பர் விரிச்சு, புதுசா தூள் விழுதான்னு சில வாரம் பாருங்க. மெத்தை வைச்ச நாற்காலின்னா தையல் மடிப்பை டார்ச் அடிச்சுப் பாத்து, மூட்டைப்பூச்சி கறை இருந்தா தொடவே வேண்டாம்.

பித்தளைன்னு சொன்னா காந்தத்தை வைங்க. ஒட்டினா உள்ள இரும்பு, மேல பூச்சு மட்டும்தான், அழுத்தி பாலிஷ் போட்டா பூச்சும் போயிடும்.

படி 2: துடைக்கிறது

முக்கால்வாசி சாமான் இதுலயே தேறிடும். வெதுவெதுப்பான தண்ணியில பாத்திரம் கழுவுற லிக்விட் ரெண்டு சொட்டு, பழைய காட்டன் துணியை நனைச்சு நல்லா பிழிஞ்சு, ஒரு முழம் இடமா துடைச்சு உடனே காஞ்ச துணியால ஒத்தி எடுங்க. முதல் துணி மண் கலர்ல வரும், மூணாவது நாலாவது துணியில அது வெளிற ஆரம்பிக்கும்போது மரம் உள்ளேருந்து செம்மையா மினுங்கும் பாருங்க, அந்த நிமிஷத்துக்காகவே இந்த வேலையைப் பண்ணலாம். பிசுக்கு விடலன்னா டர்பன்டைன் தொட்டுத் துடைங்க, ஆனா எதையுமே முதல்ல கண்ணுல படாத ஒரு மூலையில போட்டுப் பாத்துட்டு தான்.

படி 3: மேல இருக்குறது என்ன பாலிஷ்?

காது குடையுற பஞ்சுக் குச்சியில ஸ்பிரிட் தொட்டு மறைவான இடத்துல தேய்ங்க. பிசுபிசுன்னு இளகினா அது அரக்கு பாலிஷ், உங்களுக்கு அதிர்ஷ்டம், ஏன்னா புதுசா ஒரு கோட் அடிச்சா அது பழையதோட கரைஞ்சு ஒண்ணாயிடும், சுரண்ட வேண்டியதே இல்ல. ஸ்பிரிட்டுக்கு அசையாம லாக்கர் தின்னருக்கு இளகினா அது லாக்கர்ங்கிற பாலிஷ். ரெண்டுக்கும் அசையலன்னா வார்னிஷ் வகை, அதை துடைச்சு மெழுகு போட்டாலே பெரும்பாலும் போதும்.

டம்ளர் வைச்ச வட்டம் வெள்ளையா இருந்தா ஈரம் பாலிஷ்ல மட்டும் தங்கியிருக்கு, போக்கிடலாம். கறுப்பா இருந்தா மரத்துக்குள்ள இறங்கிடுச்சு. நான் கறுப்பு வட்டத்தை அப்படியே விட்டுருவேன், அந்த மேஜை வாழ்ந்த வாழ்க்கை அது.

படி 4: ஆட்டம் நிறுத்துறது

ஆடுற நாற்காலிக்கு ஆணி அடிக்காதீங்க, மரம் பிளந்துடும். பலகைங்க சேருற மூட்டுகளைக் கழட்டி, பழைய பசையை முழுசா எடுத்துடுங்க. ரொம்பப் பழசுன்னா அது வஜ்ஜிரமா (மாட்டுத்தோல், எலும்பைக் காய்ச்சி செய்யுற பசை) இருக்கலாம், வெந்நீர் துணி வைச்சா இளகிடும். அப்புறம் மரப்பசை போட்டு, கிளாம்ப் இல்லன்னா கயிறு சுத்தி நடுவுல குச்சி விட்டு முறுக்கி, 24 மணி நேரம் தொடாம விடுங்க.

டிராயர் இறுகினா ஓடுற விளிம்புல மெழுகுவத்தி தேய்ங்க. வாடைக்கு சில நாள் நிழல்ல திறந்து போடுங்க.

படி 5: உப்புத்தாள், தேவைன்னா மட்டும்

உப்புத்தாள்ல 120 நம்பர், அப்புறம் 180, கடைசியா 220 (நம்பர் கூடக் கூட தாள் நைசு), எப்பவும் ரேகை ஓடுற திசையிலயே. பழைய பெயிண்ட் அடிச்ச சாமானை மட்டும் தேய்க்காதீங்க, அதுல ஈயம் இருக்கலாம், அந்தத் தூள் குழந்தைங்க மூளைக்கே கேடு. அமெரிக்காவுல 1978லதான் வீட்டு பெயிண்ட்ல ஈயத்தை தடை பண்ணாங்க, பல நாடுகள்ல அதுக்கும் ரொம்ப பின்னாடி. டெஸ்ட் பண்ணாம கை வைக்க வேண்டாம்.

கடைசியா மெழுகு மெல்லிசா பூசி, காஞ்சதும் மெத்துன்னு இருக்குற துணியால தேய்ங்க. லின்சீட் ஆயில் (ஆளி விதை எண்ணெய்) போட்டீங்கன்னா அந்தத் துணியை சுருட்டி மூலையில போட்டுராதீங்க, காயும்போது தானே சூடாகி தீப்பிடிக்கலாம். வெளிய விரிச்சுப் போட்டு முழுசா காஞ்சு விறைப்பானப்புறம் தான் குப்பையில போடணும்.