ஜிம் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளவத்தை, தெகிவளை, கொட்டாஞ்சேனைப் பக்கங்களில் புதிதாக ஜிம் தொடங்கும் இளைஞர்கள் சிலர் ஆலோசனை கேட்டு என்னிடம் வருகிறார்கள். என் முதல் ஜிம்மில் நான் சறுக்கிய இடங்களிலேயே அவர்களும் சறுக்குகிறார்கள். துப்புரவு, நேரந்தவறாமை போன்றவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

வருடச் சந்தாவை வருமானமாக எண்ணுவது

எத்தனை முறை சொன்னாலும் திருந்தாத தவறு இது. ஜனவரி பிறந்ததும் "வருடப் பணத்தை ஒரே தடவையில் கட்டினால் 4 மாதம் இலவசம்" என்று பதாகை கட்டுகிறார்கள். மாதக் கட்டணம் 6,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 60 பேர் ஆளுக்கு 48,000 ரூபாய் கட்டும்போது 28 இலட்சத்து 80,000 ரூபாய் சேர்கிறது. அதில் ஜனவரி மாதத்துக்கு உரியது 2 இலட்சத்து 40,000 ரூபாய் மட்டுமே. மீதி முழுவதும் இன்னும் வழங்காத சேவைக்காக உரிமையாளர் பட்டிருக்கும் கடன்.

எனக்குத் தெரிந்த ஒருவர் 2022 ஜனவரியில் இப்படிச் சேர்ந்த பணத்தை இரண்டாவது கிளையின் முற்பணமாகக் கொடுத்துவிட்டார். மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. பயிற்சிக்கு வர முடியாத அங்கத்தவர்கள் தவணையை நீட்டித் தருமாறு கேட்டார்கள், அதில் நியாயமும் இருந்தது. ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் உயர்ந்தபோது, ஏற்கெனவே விற்ற சந்தாவுக்கு ஒரு ரூபாயையும் அவரால் கூட்ட முடியவில்லை. "காசு வந்ததுதானே அண்ணா, பிறகு ஏன் வாடகைக்குக் கடன் வாங்க வேண்டியிருக்கு?" என்று என்னிடம் கேட்டார். அடுத்த ஜனவரியில், விழுந்த பள்ளத்தை நிரப்புவதற்காக மீண்டும் வருடச் சந்தாவையே விற்றார். பெப்ரவரியில் மின்கட்டணம் மேலும் 66 சதவீதம் உயர்ந்தது.

வருடப் பணம் கட்டியவர்களில் பாதிப்பேர் சித்திரைக்குப் பின் வரமாட்டார்கள், அது நமக்கு இலாபம்தானே என்று சிலர் கண்ணைச் சிமிட்டுகிறார்கள். வராமல் நின்றவர் அடுத்த வருடம் புதுப்பிக்கப்போவதில்லை; நாள் தவறாமல் வருபவரோ மாதாமாதம் முழுக் கட்டணம் கட்டக்கூடியவர், அவருக்குத்தான் நீங்கள் 4 மாதத்தை விட்டுக்கொடுத்திருக்கிறீர்கள்.

வருடச் சந்தா விற்றே ஆக வேண்டுமென்றால், அந்தப் பணத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைப்பிலிட்டு, ஒவ்வொரு மாதமும் பன்னிரண்டில் ஒரு பங்கை மட்டும் நடைமுறைக் கணக்குக்கு மாற்றுங்கள். ஜிம்மை மூட நேர்ந்தால் தவணை எவ்வாறு நீளும் என்பதைப் பற்றுச்சீட்டிலேயே அச்சிடுங்கள். மூன்று மாதச் சந்தாவுடன் நிறுத்திக்கொள்வது இன்னும் நல்லது.

பயிற்றுவிப்பாளருக்குச் சேமலாப நிதி கட்டாதிருப்பது

"அவர் கொமிஷனுக்குத்தானே வேலை செய்கிறார்" என்பது சட்டத்தின் முன் செல்லாது. ஊழியர் சேமலாப நிதிக்கு உரிமையாளர் 12 சதவீதமும் ஊழியர் 8 சதவீதமும் செலுத்த வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கான 3 சதவீதம் முழுவதும் உரிமையாளரின் பொறுப்பு. சேமலாப நிதியைத் தாமதித்தால் மேலதிகக் கட்டணம் 5 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம் வரை ஏறும். பயிற்றுவிப்பாளர் மனக்கசப்புடன் விலகிச் சென்று தொழில் திணைக்களத்தில் முறையிடும் நாளில்தான் பலருக்கு இது தெரியவருகிறது.

அயல் ஜிம் குறைத்ததற்காகக் கட்டணத்தைக் குறைப்பது

வேண்டாம்.

கடலோரத்தில் பழைய இயந்திரங்கள் வாங்குவது

காலி வீதிக்குக் கீழே கடல் பக்கத்து ஒழுங்கைகளில் உப்புக்காற்று இரும்புக் கேபிள்களை அரித்துவிடும். விலைபேசும் முன் உறையைக் கழற்றிப் பாருங்கள்.

வாய்ச்சொல்லை நம்பிக் கட்டடம் எடுப்பது

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளுடன் எழுதப்பட்டால்தான் செல்லும். தரைக்கு ரப்பர் விரித்து, சுவரெல்லாம் கண்ணாடி பதித்த பிறகு வீட்டுக்காரர் வாடகையைக் கூட்டினால், கையெழுத்தில்லாத உங்களுக்குப் பேரம் பேச எதுவுமிருக்காது. முற்பணத்தைக் கொடுப்பதற்கு முன்பே பத்திரத்தை எழுதுவியுங்கள்.