சிரிக்க வைக்கும் அடுத்த தொடரைக் கண்டுபிடித்தது இப்படித்தான்

'விம்பி கிட்' என்ற சிறுவர் நகைச்சுவைப் புத்தகத் தொடரை முடித்த பிறகு, நான் எதை நீட்டினாலும் என் மகன் இரண்டு பக்கத்தில் மூடி வைத்துவிடுவான். வயதை மட்டும் பார்த்து வாங்கியதுதான் என் தவறு. அப்புறம் ஒருநாள் அவன் 'விம்பி கிட்'டைத் திரும்பப் படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே சிரிக்கிறான் என்று கவனித்தேன்: எழுத்து சொல்வதற்கு நேர்மாறாகப் படம் காட்டும் இடத்தில்தான் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். சரி, படமும் எழுத்தும் சேர்ந்தே கதை சொல்ல வேண்டும் என்று தேடி, ஆண்டி கிரிஃபித்ஸ் எழுதி டெரி டென்டன் வரைந்த மரவீட்டுத் தொடரைக் கொடுத்தேன். 2011இல் 13 மாடியோடு தொடங்கி, 26, 39 என்று ஒவ்வொரு புத்தகத்துக்கும் 13 மாடி கூடும். அடுத்ததில் என்னென்ன மாடி வரும் என்று அவனே கேட்க ஆரம்பித்துவிட்டான். இப்போதெல்லாம் எந்தப் புதுத் தொடராக இருந்தாலும் முதல் புத்தகத்தை மட்டும் நூலகத்தில் எடுத்து, நடுப்பக்கம் ஒன்றைத் திறந்து கொடுக்கிறேன். சிரித்தால்தான் இரண்டாவது.