அறிவினாவுக்கு வேடம் போடாதீர்கள்: வகுப்பில் தத்துவம் பேசப் போகும் ஆசிரியர்களுக்கு

போன மாதம் ஓர் இளம் ஆசிரியை தன் ஏழாம் வகுப்பைப் பார்க்க என்னை அழைத்திருந்தார். பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்திருந்தார். பலகையில் ஒரே ஒரு கேள்வி: ‘அழகு என்றால் என்ன?’ பூ என்றது ஒரு பிள்ளை, மயில் என்றது இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் ஆசிரியை “ம்ம், வேற?” என்றார். கடைசியில் ஒரு பையன் “மனசுதான் டீச்சர் அழகு” என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. “கரெக்ட்! எல்லாரும் கை தட்டுங்க.”

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பதினான்கு வருடத்துக்கு முன் நான் செய்த அதே காரியம், கைதட்டல் உட்பட.

சத்தம் கூடிப்போவது, நான்கு பேர் மட்டுமே பேசுவது, நேரம் போதாமல் போவது இதையெல்லாம் எழுதப் போவதில்லை. இரண்டே வாரத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும். செய்கிறவருக்குத் தானாகத் தெரியவராத தவறுகள் சில இருக்கின்றன, அவை மட்டும் இங்கே.

சாக்ரடீஸிலிருந்து தொடங்குவது

வேண்டாம். அவர் விஷம் குடித்த கதை நல்ல கதைதான், வரலாற்றுப் பாடவேளையில் சொல்லுங்கள்.

விடையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கேட்பது

வினா ஆறு வகை என்று நன்னூல் சொல்கிறது: அறிவு, அறியாமை, ஐயம், கொளல், கொடை, ஏவல். பள்ளியில் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியதோடு பலரும் அதை மறந்திருப்போம். விடை தெரிந்தவர், எதிரில் இருப்பவருக்குத் தெரிகிறதா என்று பார்க்கக் கேட்பது அறிவினா. ஆசிரியர் மாணவரைக் கேட்பதைத்தான் அதற்கு எடுத்துக்காட்டாகவே சொல்வார்கள். அதில் குறை ஒன்றும் இல்லை, வாய்ப்பாடு கேட்க வேறு வழி கிடையாது. அந்த அறிவினாவுக்கு அறியா வினாவின் வேடத்தைப் போட்டு வகுப்புக்குள் அனுப்புவதுதான் தவறு. “எனக்கும் தெரியாது, வாங்க, சேர்ந்து யோசிப்போம்” என்று சொல்லும்போதே விடை சட்டைப்பையில் மடித்து வைக்கப்பட்டிருக்கும்.

நான் வைத்திருந்தது மேசைக்கு அடியில். எட்டாம் வகுப்பு, வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை. ‘பொய் சொல்வது எப்போதாவது சரியாகுமா?’ என்பது கேள்வி. ‘பொய்ம்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்’ என்ற குறளை முந்தின இரவே சார்ட்டில் அழகாக எழுதிச் சுருட்டி வைத்திருந்தேன். கொலைகாரனிடமிருந்து ஒருவரை ஒளித்து வைப்பது, நோயாளியிடம் உண்மையை மறைப்பது என்று இரண்டு எடுத்துக்காட்டுகளும் தயார். பிள்ளைகளை அந்த வழியாக ஓட்டிக்கொண்டு வந்து கடைசியில் சார்ட்டை விரித்தால் வகுப்பு அசந்துபோகும் என்பது என் கணக்கு.

நடுவில் ஒரு பையன் கேட்டான். “சார், கடன் கொடுத்தவர் வந்தா அப்பா வீட்ல இல்லன்னு சொல்லச் சொல்வாங்க. நானும் சொல்லிருவேன். அது நல்ல பொய்யா, கெட்ட பொய்யா?”

அன்றைக்கு அந்த வகுப்பில் கேட்கப்பட்ட ஒரே உண்மையான கேள்வி அது. நன்மை யாருக்கு? அப்பாவுக்கா, கடன் கொடுத்தவருக்கா? சொல்லச் சொன்னவர் ஒருவர், சொன்னவன் ஒருவன் என்றால் பொய் யாருடையது? குறளில் இருக்கும் ‘புரைதீர்ந்த’, அதாவது குற்றமற்ற, என்ற சொல்லையே அந்தப் பையன் உரசிப் பார்த்துவிட்டான். என் வழித்தடத்தில் அது இல்லை. போதாததற்கு மற்ற பிள்ளைகள் அவனைத் திரும்பிப் பார்த்தது எனக்குச் சங்கடமாகவும் இருந்தது. “அது வேற விஷயம்ப்பா, அப்புறம் பேசலாம்” என்றேன். மணியடிக்கப் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. சார்ட்டை விரித்தேன். கைதட்டினார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை, வட்டம் போட்டு உட்காரும்போதே ஒரு பெண் கேட்டாள்: “சார், இன்னிக்கு எந்தக் குறள்?” இரண்டு மூன்று பேர் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார்கள்.

பொய்யைப் பற்றி யோசிக்க நான் எதுவும் கற்றுக்கொடுக்கவில்லை. என்ன பேசினாலும் கடைசியில் சார் ஒன்றை எடுத்து நீட்டுவார், அதுவரை பொறுமையாக இருந்தால் போதும் என்பதைத்தான் அவர்கள் கற்றுக்கொண்டார்கள். நான் கேட்டால் உண்மையாகவே கேட்கிறேன் என்று அந்த வகுப்பு மறுபடி நம்பத் தொடங்கியபோது பொங்கல் விடுமுறை முடிந்திருந்தது. தவறு நடந்தது ஜூலையில். அந்தப் பையன் மட்டும் அந்த வருடம் முழுக்க வட்டத்தில் வாய் திறக்கவில்லை.

இந்தத் தவறு வெளிப்பார்வைக்கு வெற்றியாகவே தெரியும், எனக்கு எரிச்சல் அதனால்தான். பிள்ளைகள் பேசுவார்கள், கை உயர்த்துவார்கள், பார்வையிட வந்தவர் பதிவேட்டில் பாராட்டி எழுதிவிட்டுப் போவார். உள்ளே நடப்பது என்னவோ ‘சார் மனதில் என்ன இருக்கிறது, கண்டுபிடி’ என்ற விடுகதை விளையாட்டு. விடுகதை கெட்டிக்காரப் பிள்ளைகள் உங்கள் புருவத்தைப் படித்தே விடையைச் சொல்லிவிடுவார்கள். பேசும் பிள்ளையின் கண் சக மாணவர்களைப் பார்க்காமல் உங்கள் முகத்தையே பார்த்தால் விளையாட்டு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். உங்கள் வாயில் ‘கரெக்ட்’ வந்தால் முடிந்தே விட்டது.

வகுப்புக்குப் போகும் முன் நான் இப்போதெல்லாம் என்னையே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இன்று ஒரு பிள்ளை சொல்லும் பதிலால் என் எண்ணம் மாற வாய்ப்பு இருக்கிறதா? இல்லையென்றால் அந்தக் கேள்வியைச் சாதாரணப் பாடத்துக்கு விட்டுவிடுகிறேன்.

கேள்வியைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுவது இன்னும் நல்லது. அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தர்க்கம் கற்பித்த மாத்யூ லிப்மன், கல்லூரிக்கு வந்த பிறகு சிந்திக்கக் கற்றுக்கொடுப்பது காலம் கடந்த வேலை என்று நினைத்துச் சிறுவர்களிடம் போனார். 1974-இல் நியூஜெர்சியில் இதற்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கினார். அவர் முறையில் முதலில் ஒரு கதைப் பகுதியைச் சேர்ந்து வாசிப்பார்கள். அதிலிருந்து பிள்ளைகள் கேள்வி எழுப்புவார்கள், கேட்டவர் பெயரோடு அது பலகைக்குப் போகும். அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பேசுவார்கள். அவர் எழுதிய கதையில் ஒரு பையன், ‘கோள்கள் எல்லாம் சூரியனைச் சுற்றுகின்றன, ஆகவே சூரியனைச் சுற்றுவதெல்லாம் கோள்’ என்று நினைத்து வால்வெள்ளி விஷயத்தில் மாட்டிக்கொள்வான். வாக்கியத்தைத் திருப்பிப் போட்டால் உண்மை கெட்டுவிடுகிறது என்பதை அவனேதான் யோசித்துக் கண்டுபிடிக்கிறான், ஆசிரியர் சார்ட் எதையும் விரிப்பதில்லை.

சரி, ஆசிரியருக்கென்று கருத்தே இருக்கக்கூடாதா? தாராளமாக இருக்கலாம். பேச்சின் கடைசிப் பகுதியில், வட்டத்தில் உட்கார்ந்திருக்கும் ஓர் ஆளாக, காரணத்தோடு சொல்லுங்கள். அதை உடைக்கும் பிள்ளைக்கு வழிவிடுங்கள்.

மௌனத்தைக் கண்டு பதறுவது

கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று அளந்து சொன்னவர் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ. மூன்று நொடியாவது பொறுத்தால் பதில்கள் நீளமாகின்றன, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசுகிறார்கள் என்று 1970களில் அவர் காட்டினார். தத்துவக் கேள்விக்கு மூன்று நொடி எந்த மூலைக்கு? மனசுக்குள் இருபது எண்ணுங்கள். நான் எண்ணும்போது விரல் அசைவதைப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள், அதனால் இப்போது கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறேன்.

பட்டிமன்றமாக்குவது

நமக்கு இது ரத்தத்திலேயே இருக்கிறது. மணிமேகலையில் இந்திர விழாவுக்கு முரசறைகிறவனே சமயவாதிகளைப் பட்டிமண்டபம் ஏறச் சொல்லித்தான் அறிவிக்கிறான். பட்டிமன்றம் எனக்கும் பிடிக்கும். ஆனால் அங்கே அணி மாறினால் தோல்வி. பாதியில் ஒரு பிள்ளை “இல்ல சார், அவ சொல்றதுதான் சரின்னு தோணுது” என்று சொல்லக் கூசாத இடம்தான் நமக்கு வேண்டும். அணி பிரித்துவிட்டால் அந்த வாக்கியம் வராது.

“அவரவர் கருத்து அவரவருக்கு”

அறிவினாவுக்குப் பயந்தவர்கள் வந்து விழும் பள்ளம் இது, நானும் ஒரு வருடம் இதில் கிடந்தேன். எல்லாப் பதிலையும் ‘சூப்பர்’ என்று ஏற்றுக்கொண்டால் யாரும் யோசிக்க வேண்டியதே இல்லை. காரணம் கேளுங்கள். மணிமேகலையிலேயே அறவண அடிகள் என்ற பௌத்தத் துறவி இதற்குச் சட்டகம் தருகிறார். இம்மலை நெருப்புடையது என்பது பக்கம், புகை இருப்பதால் என்பது ஏது, அடுக்களை போல என்பது திட்டாந்தம். எங்கள் வகுப்பில் இதற்குப் பெயர் ‘என்ன சொல்ற, எதனால, எது மாதிரி’. பக்கம், ஏது, திட்டாந்தம் மூன்றிலும் போலிகள், அதாவது சரிபோலத் தோன்றும் தவறுகள், உண்டு என்று அவரே வகைவகையாகப் பிரித்தும் காட்டுகிறார். சுவரில் மூன்று சொல்லையும் எழுதிப் போட்டதிலிருந்து, ‘எது மாதிரி’யில் திணறிப்போய் பிள்ளைகள் தாங்களாகவே கருத்தைத் திருத்திக்கொள்கிறார்கள்.

மதிப்பெண்

போடாதீர்கள்.

மணியடிப்பதற்குள் முடித்து வைப்பது

பாடத்திட்டத்தை முடித்தே பழகியவர்கள் நாம், கேள்வியைத் திறந்தபடி விட்டுப் போகக் கை நடுங்கும். நடுங்கட்டும். பாட்டி வீட்டு அரிவாள்மனையில் முதலில் பலகையை மாற்றினார்கள், பிறகு இரும்பையும் மாற்றினார்கள், இப்போதிருப்பது அதே அரிவாள்மனையா என்ற கேள்வி எங்கள் வகுப்பில் மூன்று வாரம் ஓடியது. மதியச் சாப்பாட்டு வரிசையிலும் அதே பேச்சு.

கடன்காரர் கேள்வியையும் ஆள் அடையாளம் தெரியாமல் கதையாக்கி, ஒவ்வொரு வருடமும் வட்டத்தில் வைக்கிறேன். இந்த வருடம், இதுவரை யாரும் தொடாத இடத்தை ஒரு பெண் தொட்டாள். “சார், அப்பா உள்ளதான் இருக்காருன்னு வந்தவருக்கும் தெரியும். அவருக்குத் தெரியும்னு அந்தப் பையனுக்கும் தெரியும். யாருமே ஏமாறலன்னா அது பொய்யா?”

எதிர் வரிசையில் ஒருவன், “அப்ப எதுக்கு சொல்லணும்?” என்றான். அதற்குள் மணி அடித்துவிட்டது. பையை மாட்டிக்கொண்டே இரண்டு பேரும் பேசிக்கொண்டு போனார்கள்.