விலை உயர்ந்த பவளம் வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவில், டர்பனிலும் ஜோகன்னஸ்பர்கிலும் ரீஃப் டேங்க் (உயிருள்ள பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி) வைத்திருப்பவர்கள் பலரும் விழும் முதல் குழி, விலையைப் பார்த்துத் தரத்தை முடிவு செய்வது. இந்த நிறத்தில் இந்தத் துண்டு இன்றைக்கு எத்தனை பேரிடம் இருக்கிறது, எத்தனை பேர் அதைத் தேடி அலைகிறார்கள் என்பதைத்தான் விலை காட்டும். அது உங்கள் தொட்டியில் பிழைக்குமா, அடுத்த வருஷமும் இதே விலைக்குப் போகுமா என்று விலைச்சீட்டு சொல்லாது.

அபூர்வம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி ஏமாற்றம் குறையும். முதல் காரணம் பெருகும் வேகம். ஆஸ்திரேலியாவிலிருந்து வரும் ஸ்கோலி என்ற பவளம் ஒரே வாயுள்ள ஒற்றைப் பாலிப், அதாவது ஒரே ஒரு தனி உயிர். கிளை விடாது, மற்ற பவளங்களைப் போல வெட்டிப் பெருக்கவும் முடியாது. சந்தையில் இருக்கும் ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட கடலிலிருந்து நேரே எடுத்தது. சிவப்பும் பச்சையும் கோடுகோடாக ஓடும் 'மாஸ்டர் ஸ்கோலி'க்கு அந்த விலை அதனால்தான். பவுன்ஸ் மஷ்ரூம் என்ற காளான் வடிவப் பவளமும் அப்படியே: வளர்க்கச் சுலபம், தானாகப் பிரிவதுதான் மெதுவாக. இவற்றுக்கு எதிர்ப்பக்கத்தில் டெனுயிஸ் வகை அக்ரோபோரா என்ற கிளைப் பவளம். 'வால்ட் டிஸ்னி', 'ஹோம்ரெக்கர்' என்ற பெயர்களோடு வந்தபோது துண்டு ஒன்றுக்கு ஆளாளுக்குக் கொட்டிக்கொடுத்தார்கள். ஆனால் இது நல்ல தொட்டியில் மளமளவென்று வளரும், வெட்ட வெட்டத் துளிர்க்கும். நாலு பேர் வளர்த்துவிட்டால் விலை இறங்கியே ஆகவேண்டும்.

இரண்டாவது காரணம் வரத்து. 2018 மே மாதம் இந்தோனேசியா பவள ஏற்றுமதியை நிறுத்தியது. 2020 தொடக்கத்தில் கடலில் வளர்த்தெடுத்த பவளங்களுக்குத்தான் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் தங்க நிற டார்ச் (நீண்ட கரங்கள் உள்ள ஒரு பவளம்) வகையின் விலை உலகம் முழுக்க ஏறியது. பவளம் அதே பவளம்தான், கதவுதான் மூடியிருந்தது. தடைக்காலத்தில் வாங்கிய விலையை மனதில் வைத்துக்கொண்டு இன்றைக்கு விற்கப் போனால் வாங்க ஆள் இருக்காது.

பெயரை வாங்குவது

மூன்றாவது காரணம் பெயர். வண்ண வகைகளுக்கு வைக்கும் பெயர்களைப் பதிவு செய்ய எந்த அமைப்பும் கிடையாது. யார் வேண்டுமானாலும் எதற்கும் 'ஹோலி கிரெய்ல்' என்று சீட்டு ஒட்டலாம். ஜோவாந்திட் (பொத்தான் போன்ற பாலிப்கள் கூட்டமாக வளரும் வகை) வாங்கும்போது இது இன்னும் மோசம்: பாலிப் கணக்கில் விலை, ஒரே தாய்க் காலனியிலிருந்து (துண்டு வெட்டிய மூலப் பவளத்திலிருந்து) வந்தது இரண்டு கடைகளில் இரண்டு பெயரில் நிற்கும். பெயருக்குக் கூடுதலாகக் காசு கொடுப்பதாக இருந்தால் துண்டு யாரிடமிருந்து வந்தது, தாய்க் காலனியின் படம் இருக்கிறதா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் பெயரை அடித்துவிட்டு, கண்ணுக்குத் தெரியும் நிறத்துக்கு மட்டும் விலை பேசுங்கள்.

படத்தை நம்புவது

பவளத்தின் ஒளிரும் புரதங்கள் நீல வெளிச்சத்தில்தான் கொழுந்துவிடும். எல்இடியை முழு நீலத்தில் வைத்து, லென்ஸுக்கு முன்னால் ஆரஞ்சு ஃபில்டர் போட்டு எடுத்த படத்தில் சாதாரணப் பச்சை ஃபேவியா பவளம்கூடத் தீபாவளி மத்தாப்பாக இருக்கும். வெள்ளை வெளிச்சத்தில் ஒரு படம், நீலத்தில் ஒன்று, பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒன்று, பிறகு பத்து வினாடி வீடியோ. இவ்வளவும் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். அனுப்ப மறுக்கும் விற்பனையாளரிடம் சில நூறு ராண்டுக்கு வாங்கலாம், சில ஆயிரத்துக்கு வாங்கக் கூடாது.

நிறம் அதிகமாகப் பளிச்சிட்டாலும் சந்தேகப்படுங்கள். சதைக்குள் வாழும் பழுப்புப் பாசி வெளியேறிவிட்டால் அடியில் இருக்கும் நியான் நிறம் மட்டும் தெரியும். அது 'அல்ட்ரா' வகை என்ற பெயரில் விலைபோகும், வீட்டுக்கு வந்து தேறினால் பழுப்பாகிவிடும், தேறாவிட்டால் சாகும். சதை மெலிந்து, அடியிலிருக்கும் எலும்பின் வரிகள் தெரிந்தால் அது வெளுத்த பவளம். சாயம் ஏற்றிய லெதர் பவளமும் கோனியோபோராவும் கடைகளுக்கு வருவதுண்டு. தண்டு முதல் நுனிவரை ஒரே மஞ்சள், ஒரே இளஞ்சிவப்பு என்றிருந்தால் தள்ளி வையுங்கள்.

அடிப்பகுதியைப் பார்க்காமல் வாங்குவது

வாங்குபவர் எல்லாரும் மேலே பார்ப்பார்கள். விஷயம் அடியில் இருக்கிறது. ஃப்ராக்கை, அதாவது வெட்டியெடுத்த துண்டைத் திருப்பி, சதை பிளக்கை (துண்டை ஒட்டிவைத்த சிறு அடிக்கட்டையை) தொடும் விளிம்பைக் கவனியுங்கள். மெல்லிய வெளிர் வளையமாகச் சதை பிளக்கின் மேல் படர்ந்திருந்தால் அது வெட்டி வாரக்கணக்கில் ஆகி, வளரத் தொடங்கிவிட்டது. வெள்ளைப் பசை பளபளவென்று தெரிந்து, வெட்டிய எலும்பு புதுசாக நின்றால் நேற்று வெட்டியது. விலையில் பாதி அந்த வளையத்துக்குத்தான் கொடுக்க வேண்டும். சாலிஸ் என்ற பவள வகையில் துண்டுக்குக் குறைந்தது ஒரு 'கண்', அதாவது வாய், முழுசாக இருக்கவேண்டும். ஓரத்தில் பாதி கண்ணோடு வெட்டியதை ஒரு கண் என்று எண்ணிக் கொடுப்பார்கள்.

டார்ச்சில் சதை எலும்புத் தண்டின் வெளிப்புறம் எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். ஒன்றிரண்டு சென்டிமீட்டர் பட்டையாக இறங்கியிருந்தால் நல்லது. விளிம்போடு நின்று, எலும்பின் கூர் விளிம்பு மேலே தெரிந்தால் சதை பின்வாங்குகிறது. பழுப்புக் கூழ் போல ஏதாவது மிதந்தால் அந்தத் தொட்டியிலிருந்து வேறு எதையும் வாங்காதீர்கள். அது பரவும், ஒரு தலையை ஓரிரு நாளில் முடித்துவிடும்.

கடலிலிருந்து இறங்கி ஒரு வாரமே ஆன காலனியைவிட, உள்ளூர்த் தொட்டியில் இரண்டு மாதம் நின்ற சிறு துண்டு எப்போதும் மேல். கூரியரில் வரவழைப்பதாக இருந்தால் திங்கள் முதல் புதன் வரை அனுப்பச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை கிளம்பிய பார்சல் கிடங்கில் ஞாயிறு கொண்டாடும்.

தொட்டி தயாராகும் முன் வாங்குவது

விலை உயர்ந்த பவளங்கள் சாவது பெரும்பாலும் அபூர்வமான காரணத்தால் இல்லை, கேஎச் (தண்ணீரின் அல்கலினிட்டி, அதாவது காரத்தன்மை அளவு) ஏறி இறங்குவதால். அல்கலினிட்டி 8 முதல் 9 டிகேஎச், கால்சியம் 420 முதல் 440 பிபிஎம், மெக்னீசியம் 1300 முதல் 1350 பிபிஎம், உப்பு அடர்த்தி 1.025 முதல் 1.026, வெப்பம் 25 முதல் 26 டிகிரி. எண்ணைப் பிடிப்பதைவிட அசையாமல் வைப்பதுதான் வேலை. ஒரே நாளில் கேஎச் 1-க்கு மேல் துள்ளினால் அக்ரோபோராவின் நுனி கருகும். கணக்கு எளிது: 200 லிட்டர் தண்ணீரில் 1 டிகேஎச் ஏற்ற சுமார் 6 கிராம் பேக்கிங் சோடா போதும். குத்துமதிப்பாக ஒரு கரண்டி அள்ளிப் போட்டால் எங்கே போய் நிற்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரை ஆர்.ஓ. தண்ணீரில் சரிபார்ப்பதும் தவறுதான், 35 பிபிடி உப்புள்ள அளவுத் திரவத்தில் சரிபார்க்க வேண்டும்.

'சுத்தமாக' வைக்கிறேன் என்று நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பூஜ்யத்துக்கு இறக்குபவர்களும் இருக்கிறார்கள். பவளம் பட்டினியில் வெளிறும், டைனோ பாசி கிளம்பும். நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம் வரை விட்டுவிடுங்கள்.

தொட்டிக்கு ஆறு மாதம்கூட ஆகவில்லையென்றால் ஆசையை அடக்குங்கள். அதே இனத்தின் மலிவான நிறத்தை முதலில் விடுங்கள்: தங்க டார்ச் வேண்டுமென்றால் பழுப்பு டார்ச், பெயருள்ள டெனுயிஸ் வேண்டுமென்றால் சாதாரணப் பச்சை டெனுயிஸ். மூன்று மாதம் கழித்து அது வளர்ந்திருந்தால் காசை எடுங்கள்.

வெளிச்சமும் இடமும் இதோடு சேர்ந்தவை. ஸ்கோலிக்கும் சாலிஸுக்கும் 50 முதல் 100 பார் (பவளத்துக்கு எட்டும் ஒளியின் அளவு), டார்ச்சுக்கு 80 முதல் 150, அக்ரோபோராவுக்கு 250 முதல் 350. புதிதாக வந்ததை நேராக மேல்தட்டில் வைக்காமல், அடியிலிருந்து இரண்டு மூன்று வாரத்தில் ஏற்றுங்கள். டார்ச்சைச் சுற்றி 15 முதல் 20 சென்டிமீட்டர் காலி விடவேண்டும். இரவில் நீளும் கொட்டும் கரங்கள் பக்கத்து ஹாமர் பவளத்தைக்கூட எரித்துவிடும்.

கரண்டும் வெயிலும் சாம்பிராணியும்

லோட் ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) அட்டவணை இல்லாத மாதங்களிலும் கேபிள் திருட்டும் சப்ஸ்டேஷன் கோளாறும் இருக்கவே செய்கின்றன. கரண்ட் போனால் முதலில் தீர்வது ஆக்ஸிஜன், சூடு பிறகுதான். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் சுமார் 84 வாட்-மணி இருக்கும். லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது, ஆகவே 10 வாட் அலை பம்ப்புக்கு நான்கு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கில் பவளத்துக்குக் கொடுத்துவிட்டு இந்த ஒரு பேட்டரிக்குக் கணக்குப் பார்ப்பவர்களை என்ன சொல்வது! கரண்ட் திரும்பும்போது லைட் டைமர் நேரம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். சம்ப் (கீழே இருக்கும் வடிகட்டித் தொட்டி) நிரம்பி வழியுமா என்பதை வேண்டுமென்றே ஒருமுறை மெயின் சுவிட்சை அணைத்துச் சோதித்துவிடுங்கள்.

ஜனவரி முதல் மார்ச் வரை டர்பனின் புழுக்கத்தில் தண்ணீர் மேல் வைத்த ஃபேன் சரியாக வேலை செய்யாது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் ஆவியாவது குறைவு, குளிர்ச்சியும் குறைவு. ஜோகன்னஸ்பர்கில் ஃபேன் போதும் என்று சொன்னவர் பேச்சைக் கேட்டு சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) வாங்குவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஸ்கிம்மர் (நுரையால் கழிவைப் பிரிக்கும் கருவி) அறைக் காற்றை இழுத்துத் தண்ணீரில் கரைக்கும். வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகையும் கொசு ஸ்ப்ரேயும் அந்த வழியாகத்தான் உள்ளே போகின்றன. ஸ்ப்ரேயில் இருக்கும் பைரித்ராய்டு இறால், நண்டு வகைகளுக்கு நேரடி விஷம். காற்றுக்குழாயின் முனையை ஜன்னலுக்கு வெளியே விட்டுவிடுங்கள். ஸ்ப்ரே அடித்த கையைத் தொட்டிக்குள் விடாதீர்கள்.

இலவசம் என்று டர்பனில் உம்கேனி ஆற்று முகத்துவாரம் பக்கம் கடல்நீர் அள்ளுவதும் வேண்டாம். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு கழிவுநீர் கலந்து டர்பன் கடற்கரைகளையே மூட வேண்டி வந்தது.

டிப் செய்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பது

அக்ரோபோராவைத் தின்னும் தட்டைப்புழுவுக்கு உடல் கிட்டத்தட்ட ஒளிபுகும், பவளத்தின் மேல் ஒட்டியிருந்தால் கண்ணில் படாது. சதையில் வட்ட வட்டமாக வெளிறிய கடித்தடங்களைத்தான் முதலில் பார்ப்பீர்கள். டிப், அதாவது புழுவை உதிர்க்கும் மருந்துத் திரவத்தில் பத்து நிமிடம் வைத்து, பெரிய பைப்பெட்டால் எல்லாப் பக்கமும் பீய்ச்சினால் புழு உதிரும். முட்டை சாகாது. பழுப்புக் கொத்தாகத் தண்டின் அடியில், சதை இல்லாத இடத்தில், பல நேரம் பிளக்கிலேயே ஒட்டியிருக்கும். அதனால் வந்தவுடன் பழைய பிளக்கை நறுக்கி எறிந்துவிட்டுப் புதிய பிளக்கில் ஜெல் பசையால் ஒட்டுங்கள். பசை எலும்பில் படவேண்டும், சதையில் படக்கூடாது. பிறகு 30, 40 லிட்டர் தனித் தொட்டி, ஒரு ஹீட்டர், சிறிய பம்ப், லைட். ஐந்து முதல் ஏழு நாளுக்கு ஒருமுறை டிப், ஆறு வாரம். மோண்டிபோரா பவளத்தைத் தின்னும் வெள்ளை நுடிபிராங்க் என்ற ஓடில்லாக் கடல் நத்தைக்கும் இதே கதைதான், முட்டைக்கு டிப் ஏறாது. தட்டைப்புழு முக்கியத் தொட்டியில் புகுந்துவிட்டால் அதில் இருக்கும் எல்லா அக்ரோபோராவையும் வெளியே எடுக்க வேண்டிவரும்.

சோட்வானாவிலிருந்து 'கிடைத்தது'

வடக்கு குவாசுலு-நாட்டாலின் சோட்வானா விரிகுடாவில், டூ மைல், நைன் மைல் என்று பெயருள்ள பாறைகளில் பவளம் இருக்கிறது. அது 1999-இல் உலகப் பாரம்பரியச் சின்னமான ஐசிமங்கலிசோவுக்குள் வரும் இடம். பெர்மிட் இல்லாமல் அங்கிருந்து ஒரு துண்டு எடுப்பதும் சட்டவிரோதம். கடினப் பவளங்கள் அத்தனையும் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பில் இருப்பதால், வெளிநாட்டிலிருந்து வந்த ஸ்கோலிக்கும் டார்ச்சுக்கும் ஏற்றுமதித் தாள் இருந்தாக வேண்டும். ஜோவாந்திடும் மஷ்ரூமும் அந்தப் பட்டியலில் இல்லை. இறக்குமதிக் காலனியை விற்பவரிடம் தாளின் நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

வெட்டி விற்றுக் காசை எடுத்துவிடலாம் என்ற கணக்கு

இரண்டு தலை டார்ச் வாங்கிய மறுமாதமே ஒன்றை வெட்டி விற்கப் பார்ப்பார்கள். புதிதாக வந்தது காலூன்றக் குறைந்தது மூன்று மாதம் கொடுங்கள். கிளை விடும் டார்ச்சில் சதைக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழே வைர வாளால் எலும்பை அறுக்கலாம். சுவர் போல நீண்டு வளரும் ஹாமர் போன்ற வகையை வெட்டினால் சதை கிழியும், சில நேரம் முழுதும் போகும். ஸ்கோலியில் கத்தி வைக்கவே வேண்டாம்.

ஜோவாந்திட் வெட்டும்போது விஷயம் காசைத் தாண்டிவிடுகிறது. சில வகைகளில், முக்கியமாகப் பாலிதோவாவில், பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. கையுறை, கண் கண்ணாடி இல்லாமல் தொடாதீர்கள்; வெட்டும்போது கண்ணில் பீய்ச்சும். அது ஒட்டிய பாறையைக் கொதிக்க வைப்பதோ வெந்நீரில் தேய்ப்பதோ கூடவே கூடாது. ஆவியை மூச்சில் இழுத்துக் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு. வேலையைச் சமையலறையில் செய்யாமல் வெளியே செய்யுங்கள், குழந்தைகளையும் நாயையும் உள்ளே வைத்துவிட்டு.

முதலில் வெட்டும் துண்டை விற்காமல், நம்பகமான ஒருவர் தொட்டியில் விட்டு வைப்பதுதான் தெரிந்தவர்கள் செய்வது. உங்கள் தொட்டி ஒரு இரவில் சரிந்தாலும் அந்த நிறம் அவரிடம் இருக்கும், அவருடையது சரிந்தால் உங்களிடம். விற்பது இரண்டாவது துண்டிலிருந்து. அதற்குள் விலை பாதியாகியிருக்கலாம் என்பதையும் சேர்த்தே கணக்குப் போட்டு வாங்குங்கள்.